மார்கோவா, லூதனா?

‘தி எக்ஸ்பான்ஸ்’ என்ற விண்வெளித் தொடரின் மார்கோ இனாரோஸ், ‘ஸ்டார் வார்ஸ்’ உலகில் நடக்கும் ‘ஆண்டோர்’ தொடரின் லூதன் ரேயல். இருவருமே ரகசியக் குழு நடத்துகிறவர்கள், ஆட்களைப் பலிகொடுக்கத் தயங்காதவர்கள். இவர்களில் யார் நன்றாக எழுதப்பட்ட பாத்திரம் என்று கேட்டால், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: தன் சொந்தச் சனத்தை அவர் என்ன செய்கிறார்? (கதை தெரிய விரும்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

மார்கோவின் கோபத்தை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவனுடைய சனமான, சிறுகோள்களில் வாழும் பெல்டர்கள் தண்ணீருக்கும் காற்றுக்கும் அடுத்தவன் கையை எதிர்பார்த்து இருக்கிறார்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. ஐந்தாவது சீசனில் அவன் பூமி மீது விண்கற்களை ஏவுகிறான், லட்சக்கணக்கில் சாகிறார்கள். அதை ஏற்க முடியாது. ஆனாலும் அந்த வெறி எங்கே பிறந்தது என்று புரியும். சரி, அதற்குப் பிறகு? ஆறாவது சீசனில் பெல்டர்கள் வாழும் சீரிஸ் நிலையத்தைக் கைவிடும்போது அங்கிருந்த சாப்பாட்டையெல்லாம் வழித்துத் துடைத்துக்கொண்டு போகிறான். பட்டினி கிடக்கப்போவது அவன் யாருக்காகப் போராடுவதாகச் சொன்னானோ அதே பெல்டர்கள். கடைசியில் மகன் ஃபிலிப்பே அவனை விட்டு விலகி, தாயின் பெயரை எடுத்துக்கொள்கிறான்.

இதே வகையில், ‘கன்டினியூம்’ என்ற காலப்பயணத் தொடரில் ஒரு போராளிக் குழுவின் தலைவனான ககாமேயையும் சொல்ல வேண்டும். பாத்திரம் அவ்வளவு ஆழமில்லை. ஆனால் அவன் இறந்த பின் அவனுடைய குழுவின் ட்ராவிஸும் சோன்யாவும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து மோதிக்கொள்வதை உண்மையாகக் காட்டியிருந்தார்கள்.

லூதன் வேறு ரகம். பேரரசுக்கு எதிராக ரகசியமாகக் கிளர்ச்சி நடத்துகிறவர். இன்னொரு கிளர்ச்சிக் குழுவின் தலைவன் ஆன்டோ கிரீகர் முப்பது பேரோடு தாக்குதலுக்குப் போகிறான். எதிரி காத்திருப்பது லூதனுக்குத் தெரியும். எச்சரித்தால் பேரரசின் பாதுகாப்புத் துறைக்குள் இருக்கும் தன் உளவாளி அகப்பட்டுவிடுவான். அதனால் வாய் திறப்பதில்லை. இதைக் கேட்டதும் மற்றொரு கிளர்ச்சித் தலைவன் சா கெரேரா கொதித்து அவர் மீது பாய்கிறான். கொஞ்ச நேரத்தில் அவனும் சம்மதித்துவிடுகிறான். முப்பது உயிரின் கணக்கு ஒரே உரையாடலில் முடிந்துவிடுகிறது. எனக்கு விண்கற்களை விட இதுதான் பயங்கரம்.

என் தேர்வு லூதன். மார்கோ கண்ணாடியில் தன்னை மட்டும் பார்க்கிறவன்; லூதனுக்குத் தான் செய்வது என்னவென்று முழுதாகத் தெரியும், தெரிந்தே செய்கிறார். ஒரு குறை: செத்துப்போன அந்த முப்பது பேரின் முகத்தைத் தொடர் காட்டவேயில்லை. ஒருவனுடைய வீட்டையாவது, அங்கே செய்தி போய்ச் சேருவதையாவது காட்டியிருக்க வேண்டும்.