புயலுக்குப் பின் ஃபீமா, விமானம் இறங்கியபின் ஐ-94: இரண்டு அமெரிக்க அரசுச் சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் புயல் கரையைக் கடந்த மறுநாளே, பேரிடர் உதவி தரும் அந்நாட்டு அரசு அமைப்பான ஃபீமாவைப் பற்றி அங்குள்ள தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "நாங்க எச்-1பி வேலை விசா. ஃபீமா பணம் எங்களுக்கு வருமா?" உங்கள் பேரில் வராது. வீட்டில் அமெரிக்காவில் பிறந்த பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்காக நீங்கள் விண்ணப்பிக்கலாம்; அப்படிக் கேட்டால் வரலாம். இந்த வேறுபாடு புரியாமல் படிவத்தைத் திறந்தால், கிடைக்கவேண்டிய பணம் போகும், அல்லது பணத்தைவிடப் பெரிய சிக்கல் வரும். நாட்டுக்குள் எந்த விசா வகுப்பில் நுழைந்தீர்கள், எந்தத் தேதிவரை இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 பதிவு. அதனால்தான் இரண்டையும் ஒரே கட்டுரையில் எடைபோடுகிறோம்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐ-94 தளத்துக்கு ஐந்துக்கு நான்கு. ஃபீமாவின் விண்ணப்பப் படிவத்துக்கும் நான்கு தரலாம். அதற்குப் பிறகு ஃபீமா அனுப்பும் கடிதங்களுக்கு ஒன்றரைக்கு மேல் மனசு வரவில்லை.

ஃபீமாவின் பண உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும், குடியுரிமை பெறாத அமெரிக்க தேசியர்களுக்கும் (அமெரிக்க சமோவாவில் பிறந்தவர்களைப் போல), 1996-ம் ஆண்டுச் சட்டம் 'தகுதிபெற்ற வெளிநாட்டவர்' என்று வகுத்தவர்களுக்கும் மட்டும்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவர், அகதி, புகலிடம் வழங்கப்பட்டவர் ஆகியோர் இதில் அடக்கம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசா எதுவும் இல்லை. வேலைவழி கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போட்டுவிட்டு வேலை அனுமதி அட்டையோடு காத்திருப்பவரும் இல்லை. பத்து வருஷமாக வரி கட்டியிருந்தாலும், சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தாலும் கணக்கு மாறாது. முகாமில் தங்குவது, சாப்பாடு, தண்ணீர், மனநல ஆலோசனை, பேரிடர் கால இலவசச் சட்ட உதவி போன்ற பணமில்லாத உதவிகளுக்கு மட்டும் இந்தத் தகுதி தேவையில்லை.

படிவத்தில் ஒரு உறுதிமொழிக் கட்டம் வரும்: 'நான் குடிமகன், அல்லது தேசியர், அல்லது தகுதிபெற்ற வெளிநாட்டவர்.' மூன்றையும் ஒரே வரியில் அடக்கியிருப்பதால், "நான்தான் சட்டப்படி இருக்கிறேனே, தகுதிபெற்றவன்தானே" என்று நினைத்து டிக் போடுவது எளிது. போடாதீர்கள். சட்டப்படி இருப்பது வேறு, அந்த 1996 பட்டியலில் இருப்பது வேறு. தன்னைக் குடிமகன் என்று பொய்யாகக் காட்டிக்கொள்வது குடிவரவுச் சட்டத்தில் நிரந்தரத் தடைக்கு வழிவகுக்கும் விஷயம். பின்னாளில் கிரீன் கார்டு நேர்காணலில் அந்தக் கட்டத்தை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். இவ்வளவு கனமான கட்டத்தை இவ்வளவு சாதாரணமாக வைத்திருப்பது இந்தப் படிவத்தின் பெரிய குறை.

பிள்ளைக்காக விண்ணப்பிக்கும்போது, புயல் அடித்த சமயத்தில் அந்தப் பிள்ளை அதே வீட்டில் இருந்திருக்க வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். தகுதி பிள்ளையுடையது என்று படிவத்தில் தெளிவாக வர வேண்டும். இணையத்தில் தடுமாற்றம் இருந்தால் 1-800-621-3362 என்ற எண்ணில் கூப்பிட்டு, "குடிமகனான என் மைனர் பிள்ளைக்காக விண்ணப்பிக்கிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பெற்றோரின் விசா நிலையை அதில் கேட்பதில்லை. ஆனால் ஃபீமா, குடிவரவையும் கவனிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் இருக்கும் அமைப்பு. நிலை காலாவதியானவர்கள் உள்ள குடும்பம் முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போடட்டும்.

விண்ணப்பிக்க இணையதளம், கைபேசிச் செயலி, தொலைபேசி, நேரில் பேரிடர் மீட்பு மையம் என்று நான்கு வழி உண்டு. அதற்கு முன் பார்க்கவேண்டியது உங்கள் கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) பெயர். மாநிலத்துக்கு அதிபரின் பேரிடர் அறிவிப்பு வந்தால் மட்டும் போதாது. கவுண்டி 'தனிநபர் உதவி' பட்டியலில் இருக்க வேண்டும். 'பொது உதவி' பட்டியலில் மட்டும் இருந்தால் அது சாலைக்கும் பாலத்துக்கும் குப்பை அள்ளுவதற்கும் வரும் பணம், உங்களுக்கில்லை. அறிவிப்பு நாளிலிருந்து வழக்கமான கெடு 60 நாள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை: சோஷியல் செக்யூரிட்டி எண், புயலுக்கு முன் இருந்த முகவரி, இப்போதைய முகவரி, குடும்ப ஆண்டு வருமானம், காப்பீட்டு விவரம், வங்கிக் கணக்கு எண், வங்கியைக் குறிக்கும் ரவுட்டிங் எண். முகவரியைத் தபால் துறை எழுதும் விதத்திலேயே எழுதுங்கள், அபார்ட்மென்ட் எண்ணை விடாதீர்கள். ஒரே வீட்டிலிருந்து கணவன் ஒன்று, மனைவி ஒன்று என்று இரண்டு விண்ணப்பம் போனால் இரட்டைப் பதிவு என்று இரண்டுமே நின்றுவிடலாம். பெயர், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் எப்படியோ அப்படியே. அட்டையில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்க, வங்கியில் இனிஷியல் மட்டும் இருக்கும் தமிழ்ப் பெயர்கள் அடையாளச் சோதனையில் தடுக்கி விழுவது இங்கேதான்.

"வீட்டில் பாதுகாப்பாக வசிக்க முடிகிறதா?" என்ற கேள்வியில் நம்மவர்கள் வழக்கமாகச் சறுக்குவார்கள். இரண்டு அறைக்குள் தண்ணீர் புகுந்து சுவரெல்லாம் ஊறிக்கிடக்கும். "மூன்றாவது ரூமில் படுத்துக்கறோம், சமாளிச்சுக்கலாம்" என்று 'ஆம்' போட்டுவிடுவார்கள். சேதம் குறைவு, வீட்டில் வசிக்கலாம் என்று சொன்ன விண்ணப்பத்துக்கு ஆய்வாளர் தானாக ஒதுக்கப்படாமல் போகலாம். சமாளிப்பதைக் கேட்கவில்லை, பாதுகாப்பைக் கேட்கிறார்கள். பிறகு சேதம் அதிகம் என்று தெரிந்தால் உதவி எண்ணில் கூப்பிட்டு ஆய்வு கேட்கலாம்.

ஆய்வாளர் பெரும்பாலும் தெரியாத எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார். அந்த வாரம் எந்த அழைப்பையும் துண்டிக்காதீர்கள். அவர் வரும்வரை சுத்தம் செய்யாமல் காத்திருக்கவும் வேண்டாம். ஊறிய ஜிப்சம் பலகையை விட்டுவைத்தால் பூஞ்சை ஏறும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி அறை அறையாகப் படம் எடுத்துவிட்டு, ரசீதுகளை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். ஆய்வாளர் சேதத்தைக் குறித்துக்கொள்வார், தொகையை முடிவு செய்வது அவர் இல்லை. புகைப்படத்தோடு கூடிய அரசு அடையாள அட்டை அவரிடம் இருக்கும். பணம் கேட்டால் அவர் ஃபீமா ஆள் இல்லை.

பணக் கணக்குக்கு வருவோம். 2024 அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்குள் அறிவிக்கப்பட்ட பேரிடர்களுக்கு 'தீவிரத் தேவை உதவி' 770 டாலராக இருந்தது. அதற்கு முன் 750. அந்த ஓராண்டில் வீட்டுக்கான உதவிக்கு உச்சவரம்பு 43,600 டாலர், மற்றத் தேவைகளுக்குத் தனியாக இன்னொரு 43,600. இவை விலைவாசியோடு ஆண்டுதோறும் திருத்தப்படும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அடித்தபோது "மொத்தமே 750 டாலர்தான், அதுவும் கடன்" என்று ஒரு வதந்தி ஓடியது. இரண்டும் தவறு. அது உடனடிச் செலவுக்கான முதல் தொகை, வீட்டுப் பழுதுக்கானது பின்னால் வரும். இது மானியம், கடன் இல்லை, வரியும் கிடையாது. உச்சவரம்பைப் பார்த்து வீடே திரும்பக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடவும் வேண்டாம். வீட்டைக் குடியிருக்கத் தகுந்ததாக ஆக்குவதுதான் இதன் அளவுகோல், பழைய அழகுக்குக் கொண்டுவருவது இல்லை. நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே கிடைக்கும். வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கிடையாது. காப்பீடு கொடுத்த அதே செலவுக்கு ஃபீமாவும் கொடுக்காது. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை என்பதும், தனியாக எடுக்கும் தேசிய வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும் என்பதும் பலருக்குப் புயல் வந்தபிறகுதான் தெரிகிறது.

இனி அந்தக் கடிதம். 'ஒப்புதல் இல்லை' என்ற வரியைப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேர் மடித்து வைத்துவிடுகிறார்கள். பல சமயம் அதன் உண்மையான பொருள், 'ஒரு காகிதம் குறைகிறது' என்பதுதான். காப்பீட்டு நிறுவனத்தின் தீர்வுக் கடிதமாக இருக்கலாம், அந்த வீட்டில் குடியிருந்ததற்கான மின்கட்டண ரசீதோ வாடகை ஒப்பந்தமோ இருக்கலாம், அடையாளச் சான்றாக இருக்கலாம். இதைப் பெரிய எழுத்தில் முதல் வரியில் சொல்ல என்ன தடை என்று புரியவில்லை. மேல்முறையீட்டுக்குக் கடிதத் தேதியிலிருந்து 60 நாள் உண்டு. அனுப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்பது இலக்க விண்ணப்ப எண்ணையும் பேரிடர் எண்ணையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பக்கங்கள் பிரிந்து காணாமல்போகும். 2024 மார்ச் மாதத்தில் விதிகள் மாறியபின் கையெழுத்திட்ட தனி முறையீட்டுக் கடிதம் கட்டாயமில்லை, ஆவணங்களே போதும். ஒப்பந்தக்காரர் தரும் பழுதுச் செலவு மதிப்பீடு இருந்தால் முறையீடு வலுவாகும். வந்த பணத்தைக் கடிதத்தில் சொன்ன வேலைக்கே செலவழித்து, ரசீதுகளை மூன்று வருஷம் வைத்திருங்கள்.

ஐ-94 தளத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவு புகார் இல்லை. 2013 முதல் விமானத்திலும் கப்பலிலும் வருபவர்களுக்குப் பதிவு மின்னணுவில்தான். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நாடு கொடுத்தால் இலவசமாக எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடலாம். வெள்ளத்தில் கோப்பு நனைந்து போனவருக்கு இதன் அருமை தெரியும்: பாஸ்போர்ட்டை அப்படித் திரும்ப எடுக்க முடியாது, ஐ-94-ஐ இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

பதிவு கிடைக்கவில்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர்க் கட்டம் காலியாக இருந்த தமிழர்களுக்கு, விசாவில் முழுப் பெயரும் கடைசிப் பெயராகப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (FNU, முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். அதையே முதல் பெயராகப் போட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பெயர்களை முன்பின் மாற்றிப் பாருங்கள். பழைய பாஸ்போர்ட்டில் விசாவும் புதியது கையிலுமாக வந்திருந்தால் இரண்டு எண்ணையும் முயலுங்கள்.

அச்சிட்டதும் பார்க்கவேண்டியது 'இருக்க அனுமதித்த கடைசித் தேதி'. விசா முத்திரையின் தேதி உள்ளே நுழைவதற்கு மட்டும். தங்குவதற்கு ஐ-94 தேதிதான் கணக்கு. எச்-1பி மனு 2027 செப்டம்பர் வரை இருந்தும், பாஸ்போர்ட் 2026 மார்ச்சில் முடிந்தால் அதிகாரி 2026 மார்ச்சையே போட்டுவிடக்கூடும். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் ஐ-94 தானாக நீளாது. அது எழுத்துப்பிழை இல்லையாதலால் பொதுவாகத் திருத்தியும் தர மாட்டார்கள். வெளியே போய்த் திரும்ப வர வேண்டும், அல்லது அந்தத் தேதிக்குள் நீட்டிப்பு மனு போட வேண்டும். வகுப்பு தவறாகப் போடப்பட்டது, பெயர் எழுத்து மாறியது போன்ற உண்மையான பிழைகளுக்கு விமான நிலையங்களை ஒட்டி இயங்கும் ஒத்திவைப்பு ஆய்வு அலுவலகம் உண்டு. மாணவர்களுக்குத் தேதிக்குப் பதில் 'டி/எஸ்' (மாணவர் நிலை நீடிக்கும்வரை) என்று இருந்தால் அது பிழையல்ல.

தரைவழி எல்லையில் மட்டும் ஐ-94 சேவை சுமார்தான். கட்டணம் 2025 செப்டம்பர் 30 முதல் 6 டாலரிலிருந்து 30 டாலராகிவிட்டது. முன்கூட்டி இணையத்தில் கட்டினால் ஏழு நாளுக்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும், தவறினால் பணம் போனதுதான்.

வீடு சேதமாகி உதவிக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள் என்றால் சுங்க விஷயம் ஒன்று. கறிவேப்பிலை கூடாது, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் தடை. இந்தியாவிலிருந்து அரிசியும் கூடாது. அதற்குக் காரணம் கப்ரா வண்டு. உணவு எது இருந்தாலும் 'இருக்கிறது' என்று சொல்லிவிட்டால், மிஞ்சிப்போனால் பொருளைத் தூக்கிப் போடுவார்கள். மறைத்தால்தான் அபராதம்.

வீட்டைவிட்டு வேறிடம் மாறிவிட்டால் மூன்று இடத்தில் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் பத்து நாளுக்குள் ஏஆர்-11 முகவரி மாற்றத்தைக் குடிவரவுச் சேவைத் தளத்தில் பதிய வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். ஃபீமா கணக்கில் முகவரியைத் தனியே மாற்ற வேண்டும். தபால் துறையில் திருப்பியனுப்பும் வேண்டுகோள் வேறு. முதல் இரண்டும் ஒரே துறையின் கீழ் இருந்தாலும் ஒன்றில் மாற்றினால் இன்னொன்றில் மாறாது. பழைய முகவரிக்குப் போன ஃபீமா கடிதம் உங்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆனாலும், மேல்முறையீட்டுக்கான 60 நாள் கடிதத்தில் அச்சிட்ட தேதியிலிருந்துதான் ஓடும்.