ஆறு சேபர்களுக்கு நடுவே ஒரு நேட்: படம் எப்படி?

இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை ஒருவர்தான்: பிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்துக்கு மேலே, நேட் என்ற நம்முடைய சின்னப் போர் விமானத்தில் ஏறி, பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்களோடு அவர் போட்ட சண்டையை வரைந்த ஓவியத்தின் அச்சுப்படத்தை இணையத்தில் வரவழைத்தேன். மூன்றடிக்கு இரண்டடி, கெட்டித் தாள், விலை 2,400 ரூபாய். கசங்காமல் வந்து சேர்ந்தது.

ஐ.சி.எஃப். பெயின்ட் பிரிவில் ரயில் பெட்டிகளுக்கு வர்ணம் அடித்தே தலை நரைத்தவன் நான். படத்தைப் பார்த்தால் கண் சும்மா இருக்காது.

நேட் எவ்வளவு பொடி விமானம் என்பது இந்த ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது. அதன் இறக்கை முனைக்கு முனை ஏழு மீட்டர்கூட வராது. சேபருக்கோ பதினொரு மீட்டருக்கு மேல். நம்முடைய விமானமாயிற்றே என்று இரண்டையும் சரிசமமாக வரைந்துவிடுகிறவர்கள் உண்டு. இவர் அந்த வேலையைச் செய்யவில்லை. சேபருக்குக் காற்று இழுக்கும் வாய் மூக்கிலேயே இருக்கிறது; நேட்டுக்கு உடலின் இருபுறமும். அந்த வாய்களின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக 30 மி.மீ. பீரங்கி. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. மரங்களின் உச்சியளவு உயரத்தில் சண்டை நடந்ததாக விருதுக் குறிப்பு சொல்கிறது. படத்திலும் இலை கொட்டிய சினார் கிளைகள் நேட்டின் வயிற்றை உரசுகிற மாதிரிதான் நிற்கின்றன.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். படத்தில் மூன்று சேபர்கள் எரிகின்றன. குறிப்பின்படி ஒன்றின் மீது குண்டு பாய்ந்தது, இன்னொன்று தீப்பற்றியது. கடைசியில் எண்ணிக்கை பலத்தில் அவரை வீழ்த்தினார்கள் என்பதையும் அதே குறிப்பு ஒளிக்காமல் சொல்கிறது. முன்னால் கிளம்பிய விமானம் எழுப்பிய புழுதியால் உடனே புறப்பட முடியாமல் நின்றவர் அவர். ஓடுதளம் தெளிவதற்குள் ஆறு விமானங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டன, தளத்தைச் சுட்டுக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகும் ஏறினார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இன்னொரு விமானத்தைக் கொளுத்திக் காட்டித்தான் பெருமை சேர்க்க வேண்டுமா? அந்தப் புழுதியை வரைந்திருந்தால் இரண்டு மடங்கு விலை கொடுத்திருப்பேன்.

அச்சிலும் குறை உண்டு. புகை தார் பூசியது போல ஒரே கறுப்பு. புகைக்குள் சாம்பல், பழுப்பு, கொஞ்சம் நீலம் எல்லாம் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. பின்னால் வரும் இரண்டு சேபர்களின் வால் அந்தக் கறுப்பில் காணாமல் போய்விட்டது. பனிமலை மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

சட்டம் போட்டது பெரம்பூரில், சாமி படங்களும் காலமானவர்களின் படங்களும் வரிசையாக மாட்டியிருக்கும் ஒரு சின்னக் கடையில். 850 ரூபாய் ஆயிற்று. வீடு தண்டையார்பேட்டையில் என்றதும், உப்புக்காற்றுக்குத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, நடுவில் இடைவெளி விட்டு மவுண்ட் அட்டை வைத்துக் கொடுத்தார். தொழில் தெரிந்தவர். மாலை மாட்டக் கொக்கியும் சின்ன பல்பும் வைக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

மூன்றாவது நெருப்பைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் வாங்கலாம். பளபளப்புத் தாள் மட்டும் வேண்டாம், மேட் தாளில் கேளுங்கள். டியூப் லைட் வெளிச்சம் பட்டால் பாதி வானம் தெரியாது.