பேண்ட் மறைந்தால் போதுமா? பிளாக்கிங் பெப்டைடா, நாக்அவுட் லைசேட்டா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ப்ராஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது: வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் சோதனை; அது பிடித்த இடம் பேண்ட் என்ற பட்டையாகத் தெரியும்) ஆன்டிபாடி சரியான புரதத்தைத்தான் பிடிக்கிறது என்று காட்ட, பிளாக்கிங் பெப்டைடு வாங்கினால் போதுமா?

பெப்டைடு முறை சுலபம். ஆன்டிபாடி உண்டாக்க முயலுக்கு ஊசி போட்ட அதே புரதத் துண்டைச் செயற்கையாகச் செய்து விற்கிறார்கள். கரைத்த ஆன்டிபாடியை இரண்டு குழாயில் சமமாகப் பிரித்து, ஒன்றில் எடைக்கு ஐந்து மடங்கு பெப்டைடு, மற்றதில் வெறும் பஃபர். அரை மணி நேரம் அறை வெப்பநிலையில் வைக்கலாம் என்பார்கள். அது சித்திரை மாதத்துத் தருமபுரி அறை அல்ல. இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஒரே மெம்பிரேனை வெட்டிய இரு பாதிகளில் ஊற்றினால், ஆன்டிபாடியின் பிடியைப் பெப்டைடு அடைத்துவிடுவதால் அந்தப் பக்கம் பேண்ட் காணாமல் போகும்.

சிக்கலே அங்கேதான். ஒரே சாவி இரண்டு வீட்டைத் திறக்கிறது. சாவியை ஒளித்தால் இரண்டுமே திறக்காது. எது உங்கள் வீடு என்று அதில் எப்படித் தெரியும்? வேறொரு புரதத்தைத் தவறாகப் பிடித்த பேண்டும் பெப்டைடு போட்டால் மறையத்தான் செய்யும். மோனோகுளோனலுக்கு (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் உள்ளது) இந்தச் சோதனை கிட்டத்தட்ட வீண் செலவு. பாலிகுளோனலில் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) மட்டும், பெப்டைடு போட்டும் மறையாத பேண்டுகளைக் குப்பை என்று ஒதுக்க உதவும்.

நாக்அவுட், அதாவது அந்தப் புரதத்துக்கான ஜீனை நீக்குவது, கேட்பது நேரான கேள்வி: ஜீனே இல்லாத செல்லில் பேண்ட் வருகிறதா? 2012இல் ஆஞ்சியோடென்சின் ஏடி1 ஏற்பி என்ற, ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள புரதத்துக்கென்று கடையில் கிடைத்த ஆறு ஆன்டிபாடிகளைச் சோதித்தார்கள். ஏற்பி இல்லாத எலியிலும் அதே பேண்டுகள்! 2016இல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்த ஐந்து சரிபார்ப்பு வழிகளில் ஜீனை நீக்கிப் பார்ப்பதும் உண்டு, பெப்டைடு இல்லை.

செல் வளர்க்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். ஹேப்1 என்ற செல் வகையின் நாக்அவுட் லைசேட் (செல்லை உடைத்து எடுத்த புரதக் கரைசல்) தயாராகவே கிடைக்கிறது. நாக்அவுட் செய்யாத ஜோடியையும் சேர்த்து வாங்கி, உங்கள் மாதிரிக்குப் பக்கத்துக் குழியில் ஏற்றினால் ஆயிற்று. ஆனால் அது மனிதச் செல். உங்கள் புரதம் அதில் உருவாகிறதா என்று முதலில் பாருங்கள். எலிக் கல்லீரலில் வேலை செய்பவருக்கு அது பாதிப் பதில்தான்.

ஆக, காசு ஒன்றுக்குத்தான் என்றால் என் ஓட்டு லைசேட்டுக்கு. பாஸ்போ ஆன்டிபாடி (பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டும் பிடிப்பது) என்றால் மட்டும் பெப்டைடையும் விடாதீர்கள்: பாஸ்பேட் உள்ளது, இல்லாதது என இரண்டும் வாங்குங்கள். முதலாவது பேண்டை அழிக்க வேண்டும், இரண்டாவது தொடவே கூடாது.