டைமிங் பெல்ட் கிட் இணையத்தில் வாங்குவோர் கவனத்திற்கு: என் 55,000 ரூபாய் போன விதம்

எஞ்சினில் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டையும், அதை இறுக்கிப் பிடிக்கும் உருளையான டென்ஷனரையும் இணையத்தில் வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். ஒரு போலி டென்ஷனரால் 55,000 ரூபாயை இழந்துவிட்டு எழுதுகிறேன். அசலையும் போலியையும் பிரித்தறியும் முறைகளைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என்னுடையது 1.5 லிட்டர் டீசல் ரெனோ டஸ்டர் கார். அதன் கே9கே எஞ்சினில் பெல்ட் அறுந்தாலோ, சில பற்கள் தாண்டினாலோ, பிஸ்டன் நேராகப் போய் வால்வை இடிக்கும். அதனால் இந்த வேலையில் சிக்கனம் பார்க்கும் எண்ணமே எனக்கு இல்லை. பெரிய இணைய விற்பனைத் தளம் ஒன்றில், ‘அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்’ என்ற முத்திரை பெற்ற கடையில் 6,400 ரூபாய் கொடுத்து, பெல்ட்டும் டென்ஷனரும் அடங்கிய கிட்டை வாங்கினேன். சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் விசாரித்த விலைக்கு அது ஒன்றும் குறைந்ததல்ல.

பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கடைக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். சேசிஸ் நம்பரை வாங்கிப் பொருத்தம் பார்த்தார். பிரிக்காத பெட்டியை எல்லாப் பக்கமும் திருப்பி, ஹோலோகிராம் ஸ்டிக்கர் மின்னுவது தெரியும்படி காணொளி எடுத்து அனுப்பினார். எல்லாவற்றுக்கும் மேலாக, “பெல்ட்டைக்கூட விடுங்க சார், டென்ஷனர்ல மட்டும் டூப்ளிகேட் போட்டுடாதீங்க, எஞ்சினே போயிடும்” என்று எனக்கே புத்தி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் முழுமையாக நம்பினேன். விற்பது போலி என்று தெரிந்துகொண்டே ஒருவர் இப்படிப் பேசுவார் என்று யாருக்குத் தோன்றும்?

வேலையை நானும் என் மைத்துனரும் சேர்ந்து செய்தோம். ஆயில் சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்து, வலப்பக்க எஞ்சின் மவுண்ட்டைக் கழற்றி, பெல்ட் இணைக்கும் கிராங்க் தண்டும் கேம் புல்லியும் நகராதபடி பின் போட்டுப் பூட்டிய பிறகே பழைய பெல்ட்டை எடுத்தோம். புதிய டென்ஷனரின் முள்ளைக் குறிக்கு நேராக நிறுத்தி, பின்களை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடியும் பின் போட்டுப் பார்த்தோம். எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தின. கிராங்க் புல்லிக்குப் புதிய போல்ட்தான் போட்டோம். இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம், ‘ஃபிட்டிங் சரியில்லை’ என்ற பல்லவியைத்தான் பிற்பாடு திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மதுராந்தகத்தைத் தாண்டியதும் பெல்ட் பக்கமிருந்து கீச்சென்று ஒரு சத்தம் எழுந்தது. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் ‘டக்’ என்ற ஓசையுடன் எஞ்சின் நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பிரித்தபோது டென்ஷனரின் உருளை அசையவே இல்லை. பேரிங்கில் கிரீஸ் என்ற பொருளே இல்லாமல், குண்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. பெல்ட்டின் பற்கள் ஒரு சாண் நீளத்துக்கு வழித்தெடுக்கப்பட்டிருந்தன. தகட்டின் மீதிருந்த நிறுவனப் பெயரை மெக்கானிக் டீசல் துணியால் ஒரு தடவை துடைத்தார். பெயர் துணியோடு வந்துவிட்டது. எட்டு வால்வுகளும் வளைந்திருந்தன. வால்வு, ஹெட் வேலை, கேஸ்கட், மறுபடியும் ஒரு கிட், கூலி, வண்டியை இழுத்துவந்த செலவு எல்லாம் 48,600 ரூபாய். முதலில் கொடுத்த 6,400 ரூபாயையும் சேர்த்தால் 55,000.

கடைக்காரர் முதலில் “மெக்கானிக் பில் இருக்கா சார்?” என்று கேட்டார். வீட்டில் மாற்றியதாகச் சொன்னதும் அவருடைய குரலே மாறிவிட்டது: “அப்போ உங்க தப்புதான்.” படங்களை அனுப்பினேன், பார்த்ததற்கான அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. அடுத்து என் எண்ணையே தடுத்துவிட்டார். விற்பனைத் தளமோ, திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துவிட்டது என்றது. பிறகு, தாங்கள் வெறும் இடைத்தரகர்கள் என்றது. அதன் பிறகு, என் சிரமத்துக்கு வருந்தி 200 ரூபாய் கூப்பன் அனுப்பியது. 55,000 ரூபாய் நஷ்டத்துக்கு, அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்ள 200 ரூபாய்! ‘அங்கீகாரம்’ யார் கொடுத்தது என்ற என் கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்ன முறைகளை எழுதும் பொறுமை இப்போது இல்லை. அவசரமாகச் சில மட்டும்: ஹோலோகிராமை நம்பாதீர்கள், அதுவும் அச்சடித்துக் கிடைக்கிறது. பொருத்துவதற்கு முன் டென்ஷனர் தகட்டிலுள்ள எழுத்தை டீசல் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றாலோ தடையே இல்லாமல் சக்கரம்போல் ஓடினாலோ போடாதீர்கள். பெட்டியைப் பிரிப்பதையும் பொருத்துவதையும் காணொளி எடுங்கள். பழைய டென்ஷனரைத் தூக்கி எறியாதீர்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட உதவும். ஏமாந்துவிட்டால், தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. என் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. நீலம் பாரித்த அந்த டென்ஷனரும் அதோடு சாட்சியாகப் போகிறது.