இத்தாலிய ஹார்ப்சிகார்டும் ஆண்ட்வெர்ப் ஹார்ப்சிகார்டும்: ஓர் ஒப்பீடு

பியானோவில் சிறு சுத்தி தந்தியை அடிக்கிறது. அதற்கு முந்தைய விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்டிலோ இறகுத் தண்டில் சீவிய ஒரு முள் தந்தியைச் சுண்டிவிட்டு விலகுகிறது. விசையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலியின் வலு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கருவியின் குரலைப் பெரிதும் தீர்மானிப்பவர் அதைச் செய்த தச்சரே. அந்தத் தச்சு மரபுகளில் இத்தாலியும், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரமும் எதிரெதிர் வழிகளில் சென்றன.

இத்தாலியர்கள் பெரும்பாலும் சைப்ரஸ் மரத்தைச் சில மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்துப் பக்கச் சுவர்களை அமைத்தார்கள். அவ்வளவு மெல்லிய கருவி தனியே தாங்காது என்பதால் அதை இன்னொரு பெட்டிக்குள் வைத்தார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, 1521ஆம் ஆண்டு எனக் குறிக்கப்பட்ட கருவி இந்த மரபின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. ஆண்ட்வெர்ப்பில் 1579இல் கைவினைஞர் சங்கத்தில் சேர்ந்த ஹான்ஸ் ருக்கர்ஸும் அவருடைய மகன்களும் பாப்லர் மரத்தில் கனத்த பெட்டி செய்து, உள்ளே அச்சிட்ட காகிதம் ஒட்டி, ஒலிப்பலகையில் பூக்களைத் தீட்டினார்கள்.

கண்ணைக் கவர்வது ஓவியம் என்றாலும், உண்மையான வேறுபாடு தந்தியில் இருக்கிறது. பித்தளை குறைந்த இழுவிசையிலேயே அறுந்துவிடும். இரும்பு அதைவிடத் தாங்கும். நடு 'சி'க்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள தந்தி, பித்தளை கட்டிய இத்தாலியக் கருவிகளில் பொதுவாக 25 முதல் 28 செ.மீ. நீளமே இருக்க, இரும்பு கட்டிய ருக்கர்ஸ் கருவிகளில் சுமார் 35 செ.மீ. வரை நீள்கிறது. இத்தாலியக் கருவியில் ஒலி பளிச்சென்று எழுந்து விரைவில் அடங்குகிறது. ருக்கர்ஸில் அது நின்று ஒலிக்கிறது.

விரைவில் அடங்குவதைக் குறை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 1615இல் வெளியான தம் டொக்காட்டா (விசைக் கருவிக்கான, கட்டற்ற போக்குடைய இசைவடிவம்) தொகுப்பின் முன்னுரையில், தொடக்கச் சுரக்கோவைகளை நிதானமாக, சுரம் சுரமாகப் பிரித்து வாசிக்கவும், கருவி வெறுமையாகிவிடாதபடி மீண்டும் தட்டிக்கொள்ளவும் இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டி அறிவுறுத்துகிறார். ஒலி தேய்வதை முன்னறிந்தே எழுதப்பட்ட இசை அது. பாடகருக்குத் துணையாக வாசிக்கையில், சொற்கள்மீது படியாமல் விலகிக்கொள்ளும் இந்தக் குணத்துக்கு ஈடில்லை.

ருக்கர்ஸ் கருவிகளின் புகழை மட்டும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரட்டை விசைவரிசை கொண்ட அவர்களுடைய கருவிகளில் இரு வரிசைகளும் நான்கு சுர இடைவெளியில், வேறு வேறு சுருதியில் அமைந்திருந்தன. இரு கைகளும் ஒரே சுருதியில் இரு வரிசைகளில் வாசிக்க வேண்டிய, பிரெஞ்சு இசையமைப்பாளர் குப்ரானின் உருப்படிகளுக்கு அவை உதவா. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் பட்டறைகள் அவற்றைப் பிரித்து, அகலப்படுத்தி, வரிசைகளைச் சுருதி சேர்த்த பிறகே இன்று நாம் கொண்டாடும் குரல் உருவாயிற்று. பழைய ஆண்ட்வெர்ப் பெயருக்கு இருந்த மதிப்பால் போலிகளும் பெருகின. எடின்பரோவில் இருக்கும் ஒரு கருவி 1764இல் பாரிஸில் கூர்மான் என்ற தச்சர் செய்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் டஸ்கின் என்ற இன்னொரு பாரிஸ் தச்சர் அதை, ருக்கர்ஸின் உறவினரான கூஷே செய்ததுபோல மாற்றியமைத்தார்.

எனவே குப்ரானையும் அவர் நாட்டு இசையமைப்பாளர் ராமோவையும் வாசிக்க விரும்புவோர் பாரிஸில் திருத்தப்பட்ட ருக்கர்ஸ் வடிவத்தின் நகலையே தேட வேண்டும். இத்தாலிய இசையமைப்பாளர்களான மொன்டெவெர்டிக்கும் ஃப்ரெஸ்கோபால்டிக்கும், ஒற்றை வரிசையும் பித்தளைத் தந்தியும் கொண்ட இத்தாலியக் கருவியே என் தேர்வு.