பாக் 1½ஜி: சின்னக் கிண்ணத்தின் லாபமும் நஷ்டமும்

பாக் நிறுவனத்தின் 1½ஜி, பாஸ் டிராம்போன் என்ற தாழ்ஸ்தாயிப் பித்தளை ஊதுகருவியில் உதடு வைத்து ஊதும் மவுத்பீஸ். இதன் கிண்ண விட்டம் சுமார் 27 மி.மீ. இன்றைய பாஸ் டிராம்போன் கணக்கில் சிறியதுதான். அதுவே இதன் பலம். டெனர் டிராம்போனிலிருந்து மாறுபவருக்கு உதடு சீக்கிரம் சோராது, மேல் ஸ்தாயியும் கைக்குள் நிற்கும். கருவியின் அடியாழத்துப் பெடல் ஸ்வரங்களில் இறங்க இறங்கத்தான் உதட்டுக்கு இடம் போதாமல் ஒலி நெரிபடும். அங்கே இதைவிட அகலக் கிண்ணமுள்ள 1ஜி தாராளம். ஆனால் அது மூச்சை விழுங்கும். மூச்சு தளர்ந்தால் சுருதியும் தளரும்.

விளிம்பின் உள்முனை கூராக இருந்தால் ஸ்வரம் 'டக்'கென்று பிறக்கும், உதட்டையும் அறுக்கும். மழுங்கியிருந்தால் ஸ்லர் (ஸ்வரங்களை இடைவெளியின்றி இணைத்து ஊதுவது) வழுக்கிக்கொண்டு போகும், தொடக்கம் மங்கும். கிண்ணத்தின் அடியிலுள்ள தொண்டைத் துளையைப் பெரிதாக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்: மெல்லிய வாசிப்பில் பிடி போய்விடும், துளைத்ததைத் திரும்ப அடைக்கவும் முடியாது. மவுத்பீஸைக் கருவியில் மாட்டும்போது லேசாகத் திருகினால் போதும். உள்ளங்கையால் தட்டி இறக்கினால் சிக்கிக்கொள்ளும், பிறகு அதை இழுத்தெடுக்கும் புல்லர்தான் கதி.