கோடையில் ஓர் இரவு: மெலட்டூரா, படுகளமா?

மே மாதத்தில் விடிய விடிய உட்கார்ந்து பார்க்க எந்த ஊருக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இரண்டுதான். ஒன்று மெலட்டூர் பாகவத மேளா, அதாவது புராணக் கதையைப் பாட்டும் ஆட்டமுமாக நடிக்கும் நாட்டிய நாடகம். மற்றொன்று செய்யாறு, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்து. லீவு ஒன்றுக்குத்தான் கிடைக்கும் என்றால் எதற்குப் போவது?

வசதியைப் பார்த்தால் மெலட்டூர்தான். தஞ்சாவூரிலிருந்து 18 கிலோமீட்டர். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடப்பதால் பஞ்சாங்கத்தைப் புரட்டினாலே தேதி தெரிந்துவிடும். பாரதக் கூத்துக்கு அப்படி இல்லை. பங்குனியில் ஓர் ஊர், சித்திரையில் ஓர் ஊர், வைகாசியில் இன்னொன்று. டீக்கடைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். தங்க அறை, கழிப்பறை எல்லாம் உங்கள் பாடு.

மெலட்டூரில் பாட்டும் வசனமும் தெலுங்கு. அச்சுதப்ப நாயக்கர் காலத்தில் வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றப்பட்ட பிராமணக் குடும்பங்களின் ஊர் அது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த வெங்கடராம சாஸ்திரி எழுதிய ‘பிரகலாத சரித்திரம்’தான் விழாவின் உயிர். முதலில் கூம்புக் குல்லாய் வைத்த கோணங்கி குதித்து ஆடுவான். அடுத்து பிள்ளையார் முகமூடி போட்ட சின்னப் பையன். பெண் வேஷமும் ஆண்கள்தான். ஆடுகிறவர்களில் பலர் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள். இதற்கென்றே லீவு போட்டு வருவார்கள். விடியற்காலையில் தூணிலிருந்து நரசிம்மர் வெளிப்படுவார். அந்த முகமூடி வழிபாட்டில் இருப்பது. அணிபவர் விரதமிருந்து அணிவார்; ஆவேசத்தில் அவரை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இரவு விருந்து. ஆனால் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரிதான் நான் உட்கார்ந்திருந்தேன். உபசாரத்துக்குக் குறைவில்லை, ஆனாலும் அது அவர்கள் வீட்டு விசேஷம்.

பாரதம் ஓர் இரவோடு முடிகிற சமாசாரம் இல்லை. பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், இரவில் கூத்து. வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று பல ராத்திரிகள் ஓடும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் நேற்றைய கரண்ட் கட்டையும் இன்றைய தக்காளி விலையையும் அஸ்தினாபுரத்துக்குள் கொண்டுவந்துவிடுவான். ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால் படுகளத்தன்று, அதாவது துரியோதனன் போர்க்களத்தில் வீழும் நாளில் போங்கள். வெட்டவெளியில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன். ஓர் ஆளைப் போலப் பல மடங்கு நீளத்தில் மண்ணால் செய்த உருவம். ராத்திரி முழுக்க ஆடிய வேஷக்காரர்கள், அரிதாரம் வியர்வையில் வழிய, அதன்மேல் ஏறி ஓடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். உள்ளே வைத்த சிவப்புத் தண்ணீர் பீறிடும். திரௌபதி கூந்தல் முடிவாள். பிறகு துரியோதனன் பெண்டாட்டி பெருந்திருவாள் முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைப்பாள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிவிடும். அது முடிந்ததும் எல்லாரும் அந்த மண்ணை அள்ளுவார்கள், வீட்டில் வைத்தால் விளைச்சல் பெருகுமாம். சும்மா நின்ற என்னிடம் ஒரு பாட்டி, “என்னாத்துக்கு நிக்கிற தம்பி, நீயும் எடுத்துக்கோ” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே படுகளத்துக்கு என் ஓட்டு. ஆனால் ‘மெலட்டூர் ஒரு குலத்துக்கு, பாரதம் எல்லாருக்கும்’ என்று எழுதிவிட்டால் பொய்யாகிவிடும். பாரதம் நடத்த ஊரில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். வரி கொடுத்தவன்தான் ஊர்க்காரன். சேரியில் வரியே வாங்காத ஊர்கள் உண்டு. 2023 ஜூனில் விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். பட்டியல் சாதியினர் உள்ளே வரக்கூடாது என்ற தகராறுதான் காரணம். வெளியூர்க்காரனான எனக்குச் சுலபமாகக் கிடைத்த பிடி மண், அதே ஊரில் பிறந்த ஒருவருக்குக் கிடைத்திருக்குமா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

சரி, யாருக்கு எது? கைக்குழந்தையோடு போகிறவர்கள், ராகம் பிடிக்கும் பெரியவர்கள் மெலட்டூர் போகலாம். வெயில் தாங்கும் உடம்பென்றால் படுகளம். காலையிலேயே போய்விடுங்கள், தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். சாயங்காலம் தீமிதி வரைக்கும் இருப்பதாக இருந்தால், கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று முதலிலேயே டீக்கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.